அம்மாவின் தாய் சி தொடரட்டும், கஷாயம் மட்டும் கொஞ்சம் நிற்கட்டும்

கேள்வி:

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பா காலமானபின் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து இங்கே கூட்டிவந்துவிட்டேன். அம்மாவுக்கு வயது 69. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். போன வருடம் குளியலறையில் விழுந்தார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டைவிட்டு வெளியே வரவே பயந்தார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் கையைப் பிடித்து, எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் காலையில் நடக்கும் தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி) குழுவுக்கு அழைத்துப் போனார். ஐந்து மாதமாகப் போகிறார். வலி குறைந்திருக்கிறது, தைரியமாக நடக்கிறார்.

இப்போது சிக்கல். அதே ஆன்ட்டி சொல்லி ஒரு சீன மருத்துவரைப் பார்த்தோம். நாக்கைப் பார்த்தார், நாடி பிடித்தார், "சிறுநீரகம் பலவீனம், அதனால்தான் முழங்கால் வலி" என்று சொல்லி, வேரும் பட்டையும் கலந்த பொட்டலங்கள் கொடுத்தார். இரண்டு நாளாக அம்மா அதைக் காய்ச்சிக் குடிக்கிறார். சிறுநீரகம் போய்விட்டதோ என்று ஒரு பக்கம் பயம் வேறு. சென்னையில் இருக்கும் அண்ணன், "தாய் சியும் கஷாயமும் ஒரே புரட்டு, இரண்டையும் நிறுத்து" என்று போனில் சத்தம் போடுகிறார். அம்மாவோ, "தாய் சி பலித்தது, அப்போ மருந்தும் பலிக்கும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் இன்றைக்குச் செய்யவேண்டிய ஒன்று. கஷாயத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். வார்ஃபரினை நிறுத்தாதீர்கள். அம்மா வழக்கமாகப் போகும் பலதுறை மருந்தகத்துக்கோ மருத்துவமனைக்கோ போன் செய்து, "வார்ஃபரின் சாப்பிடுபவர் இரண்டு நாளாகச் சீன மூலிகை குடித்திருக்கிறார், ஐஎன்ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்யவேண்டுமா?" என்று கேளுங்கள். ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை. போகும்போது பொட்டலத்தையும், அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டையும் கொண்டுபோங்கள். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலம் பூத்தல், கறுப்பாக மலம், புதிதாகக் கடுமையான தலைவலி என்று எது தெரிந்தாலும் காத்திருக்கவேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அதை முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் இயன்முறை சிகிச்சை செய்பவன். முதியவர்கள் விழாமல் நடப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் தாய் சி பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மா ஐந்து மாதமாகச் செய்வது வெறும் மனத்திருப்தி இல்லை. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. 70 வயதைத் தாண்டிய 670 பேர். எல்லாரும் ஏற்கெனவே விழுந்தவர்கள், அல்லது நடை தடுமாறுபவர்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், 24 வாரம். ஒரு பிரிவினருக்குச் சமநிலைக்காக வடிவமைத்த தாய் சி, இன்னொரு பிரிவினருக்குப் பல வகை உடற்பயிற்சிகளின் கலவை, மூன்றாமவர்களுக்குக் கைகால் நீட்டும் பயிற்சி மட்டும். கைகால் நீட்டியவர்களோடு ஒப்பிட்டால் தாய் சி செய்தவர்கள் விழுந்தது 58 விழுக்காடு குறைவு. கலவைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 விழுக்காடு குறைவு. விழுதலைத் தடுக்க இத்தனை வேலை செய்யும் மாத்திரை எதுவும் எங்களிடம் கிடையாது.

முழங்கால் விஷயத்திலும் அப்படித்தான். பாஸ்டனில் 204 முழங்கால் தேய்மான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப்பேருக்கு 12 வாரம் தாய் சி, மறுபாதிக்கு முறையான இயன்முறை சிகிச்சை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. வலியும் அசைவும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. மனச்சோர்வு குறைந்ததில் தாய் சி தரப்பு ஒரு படி மேல். என் தொழிலுக்குச் சமமாக இன்னொன்று நிற்கிறது என்று சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோஷம்தான். ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பலர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். கூட நாலு பேர், காலைக்காற்று, முடிந்ததும் ஒரு காப்பி என்று இருக்கும் பயிற்சியை விடுவதில்லை. அமெரிக்க வாதநோய் நிபுணர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை உறுதியாகவே பரிந்துரைக்கிறது. அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, எப்படி வேலை செய்கிறது? ஒரு நாள் காலையில் நீங்களும் போய், அம்மா 'மேகக் கைகள்' என்ற தாய் சி அசைவைச் செய்யும்போது கையைப் பார்க்காமல் காலை மட்டும் பாருங்கள். உடம்பு பக்கவாட்டில் நகரும். இடது கால் பாரத்தை வாங்கிக்கொண்டபின்தான் வலது கால் தரையைவிட்டு எழும். எழுந்த கால் பொத்தென்று விழாது. முதலில் விரல் நுனி, அப்புறம் பாதம், கடைசியில் பாரம். ஒரு குடத்துத் தண்ணீரை அடுத்த குடத்துக்குச் சிந்தாமல் ஊற்றுவதுபோல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும். முழங்கால் லேசாக மடிந்தே இருப்பதால் தொடையின் முன்தசை முழுநேரமும் வேலை பார்க்கும். முழங்காலைத் தாங்குவது அந்தத் தசைதான். அதோடு தலையும் கண்ணும் கையைத் தொடர்ந்து திரும்புகின்றன. வயதானவர்கள் பலர் விழுவது திரும்பும்போதும், ஒரு காலில் பாரம் இருக்கும் அந்த அரை நொடியிலும்தான். குளியலறையில் செருப்பை மாட்டத் திரும்புவது, சமையல் மேடையிலிருந்து ஃபிரிட்ஜ் பக்கம் சுழல்வது எல்லாம் அந்த வகை. தாய் சி அந்த அரை நொடியை நீட்டி, அதிலேயே ஆளை நிற்கவைத்துப் பழக்குகிறது. மெதுவாகச் செய்வதால் சுலபம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். மெதுவாகச் செய்வதால்தான் கடினம். வேகத்தில் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

இப்போது சீன மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று பார்ப்போம். அம்மாவின் வாதம் அந்த உறவின்மேல்தான் நிற்கிறது.

உறவு உண்மையானது. தாய் சி பிறந்தது போர்க்கலையாக. ஹெனான் மாநிலத்தில் சென்ஜியாகோ என்ற கிராமம். 17ஆம் நூற்றாண்டில், மிங் அரசு வீழ்ந்த காலத்தில், சென் வாங்திங் என்ற படைவீரர் ஊர் திரும்பி இதை உருவாக்கினார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. குத்துச்சண்டை அடவுகளோடு பழைய மூச்சுப் பயிற்சியையும், உடலில் உயிராற்றல் ஓடும் பாதைகள் பற்றிய மருத்துவக் கருத்தையும் அவர் சேர்த்தார் என்பார்கள். அந்த உடற்பயிற்சி மரபு அவருக்கும் மிக முந்தியது. 1970களில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துய் கல்லறைகளைத் தோண்டியபோது ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. 44 மனிதர்கள், ஆணும் பெண்ணும், கிழவரும் இளையவரும், விதவிதமாக வளைந்தும் நீட்டியும் நிற்கிறார்கள். சில படங்களுக்குப் பக்கத்தில் எந்த நோய்க்கு என்றே எழுதியிருக்கிறது. அந்தக் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் சென் குடும்பத்திடம் கற்றுப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவர் பேரன் யாங் செங்ஃபூ குதிப்பையும் திடீர் வேகத்தையும் குறைத்து, அகலமாக, ஒரே சீராகச் செய்யும் வடிவத்தைப் பரப்பினார். இன்றைக்குப் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட எளிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டது; ஐந்தாறு நிமிடத்தில் முடியும். உங்கள் புளோக்கில் செய்வதும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். யாங் செங்ஃபூவின் மாணவர்களில் ஒருவரான செங் மான்சிங் சீன மருத்துவராகவும் இருந்து, 1960களில் நியூயார்க்கில் தாய் சி சொல்லிக்கொடுத்தவர். ஒரே ஆள் நாடியும் பார்ப்பார், அடவும் திருத்துவார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அம்மாவுக்குத் தோன்றுவதில் தப்பில்லை.

பேச்சும் ஒன்றுதான். யின், யாங், 'ச்சி' எனப்படும் உயிராற்றல், அது ஓடும் பாதைகள். வகுப்பில் ஆசிரியர் சொல்வதும், மருத்துவர் சொல்வதும் அதே மொழி. அந்த மொழியைக் கேட்டவுடன் அண்ணனைப்போல் நான் எரிச்சல்படுவதில்லை. பயிற்சியில் அது நன்றாகப் பயன்படுகிறது.

ஓர் உதாரணம். பாதத்தின் நடுவில், முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு குழி இருக்கும். சீன மருத்துவத்தின்படி சிறுநீரகப் பாதை தொடங்கும் இடம் அது. தாய் சி ஆசிரியர்கள் அந்தப் புள்ளி வழியாகத் தரைக்குள் வேர் இறங்குவதாக நினைத்து நிற்கச் சொல்வார்கள். அப்படி நினைப்பவரின் எடை குதிகாலிலும் சாயாது, விரல்களிலும் சாயாது, நடுவில் நிற்கும். உள்ளங்காலில் தரையை உணரும் பழக்கமும் வரும். அதேபோல் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே உயிராற்றலின் இருப்பிடம் என்பார்கள். நிற்கும் மனிதரின் எடைமையமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். அங்கே கவனத்தை வைத்து நகர்ந்தால் உடம்பு தள்ளாடாது. உயிராற்றல் ஓடுகிறதா என்பதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டு நகர்பவரின் கால் சரியான இடத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்குப் போதும்.

உள்ளங்கால் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மங்கும். மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். ஆசிரியர் தரையை உணரச் சொல்லும்போது அம்மாவால் நிஜமாகவே உணரமுடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மருந்தகத்தில் பாதப் பரிசோதனை கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தாலும் தாய் சி செய்யலாம். ஆனால் வெறுங்காலில் கூடாது, ரப்பர் செருப்பிலும் கூடாது. குதிகாலை மூடிய, தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

அடுத்து, அந்த "சிறுநீரகம் பலவீனம்". இதற்கு அம்மா பயப்படத் தேவையில்லை. சீன மருத்துவத்தில் ஐந்து உள்ளுறுப்புகளும் ஐந்து பெரும் பொறுப்புகள். வளர்ச்சி, முதுமை, எலும்பு, இடுப்பு, முழங்கால் எல்லாம் சிறுநீரகத்தின் பொறுப்பில் வரும். தசைநாண்கள் கல்லீரலின் பொறுப்பில். வயதானவருக்கு முழங்கால் வலித்தால் சிறுநீரகம் தளர்ந்தது என்பது அந்த முறையில் மிகச் சாதாரணமான கணிப்பு. ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த உறுப்பு எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பார்க்கவேண்டும். சர்க்கரை நோயாளி என்பதால் இந்தப் பரிசோதனைகள் வருடம் ஒருமுறையாவது நடந்திருக்கும். பழைய அறிக்கையை எடுத்து அம்மாவிடம் காட்டிவிட்டால் பயம் போய்விடும்.

இனி அம்மாவின் வாதம்: "தாய் சி பலித்தது, அப்போ மருந்தும் பலிக்கும்." இந்த இடத்தில்தான் நான் அம்மாவோடு ஒத்துப்போகமாட்டேன். தாய் சி பலித்ததற்குக் காரணம், அம்மாவின் கால் ஐந்து மாதம் உழைத்தது. அதன் பின்னால் இருக்கும் கருத்து உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும் தொடைத்தசை வலுத்திருக்கும். கஷாயம் அப்படி இல்லை. அது வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளைச் சந்திக்கிறது. ஒரே மரபில் வந்தது என்பதற்காக ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றை மற்றதற்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு மூலிகையையும் தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

அண்ணன் சொல்வதுபோல் எல்லாமே புரட்டும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் எழுதிய மருத்துவ நூலில், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த தூ யூயூ என்ற சீன விஞ்ஞானி, காய்ச்சினால் மருந்து கெடுகிறது என்று ஊகித்துக் குறைந்த வெப்பத்தில் சாற்றை எடுத்தார். இன்று மலேரியாவுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் ஆர்ட்டெமிசினின் அப்படித்தான் வந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் செடி மருந்தானது எப்படி என்று பாருங்கள்: சத்தைப் பிரித்தார்கள், அளவு குறித்தார்கள், சோதித்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் நிஜமாகவே செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறொன்று கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம்தான் காரணம். பிற்பாடு அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. இது சீனத்துப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடவேண்டாம். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே செடியினம்தான். நாட்டு மருந்து என்றால் பக்கவிளைவு இராது என்று நம் வீடுகளில் சொல்வதை நான் எங்கே கேட்டாலும் மறுத்துவிடுவேன்.

அம்மாவின் பொட்டலத்துக்கு வருவோம். முதுகு, முழங்கால் வலிக்குச் சீன மருத்துவத்தில் மிகவும் புழங்கும் ஒரு கலவை உண்டு. துஹுவோ ஜிஷெங் தாங் என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் எழுதிய நூலில் வருவது. பதினைந்து சரக்குகள். அம்மாவுக்குக் கொடுத்தது அதுவாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதில் தாங்குவெய் என்ற வேர் உண்டு: வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் மேலும் நீர்த்துப்போகக்கூடும். ஜின்செங் உண்டு: வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடும். கான்சாவ் உண்டு, அதாவது நம் அதிமதுரத்தின் இனம்: தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இதயத்துக்கு என்று சீனர்கள் அதிகம் சாப்பிடும் தான்ஷென் என்ற சிவப்பு வேரும் வார்ஃபரினுக்கு ஆகவே ஆகாது. வார்ஃபரினோடு அது சேர்ந்து ஐஎன்ஆர் எங்கோ போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அவ்வளவு ஏன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி சூப்பில் போட்டுக் கொடுக்கும் சிவப்புக் கோஜிப் பழம்கூட அப்படிச் செய்ததாகப் பதிவுகள் உண்டு. நாலு பழம் மிதக்கும் ஒரு கிண்ணம் சூப்புக்காகப் பதறவேண்டாம். தினம் கொதிக்கவைத்துத் தேநீர்போல் குடிப்பதுதான் கூடாது.

அந்தச் சீன மருத்துவரைக் குறை சொல்லவும் நான் விரும்பவில்லை. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்யவேண்டும். பதிவு உண்டா என்று அவர்களின் வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவுபெற்றவரிடம் வார்ஃபரின் என்று சொன்னால் அவருக்குப் புரியும். அன்றைக்கு நீங்கள் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் இப்போது சொல்லுங்கள். மாத்திரைகளின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் பர்சில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் நீட்டட்டும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் என்றால் இது இன்னும் அவசியம்.

அக்குபங்சர் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முழங்கால் வலிக்குச் சிலருக்குக் கொஞ்சம் நிம்மதி தருகிறது. வார்ஃபரின் விஷயம் தெரிந்த, பதிவுபெற்ற கை என்றால், அம்மாவின் மருத்துவரும் சரி என்றால், செய்துபார்க்கலாம். தோலைக் கோப்பையால் உறிஞ்சி இழுக்கும் கப்பிங் மட்டும் வேண்டாம், ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இனி வகுப்பில் கவனிக்கவேண்டியவை. முழங்கால் தேய்ந்தவர்கள் தாழ உட்கார்ந்து செய்யக்கூடாது. அழகாகத் தாழ்ந்து நிற்பவரைப் பார்த்து அம்மாவும் தாழ முயல்வார், நீங்கள் தடுக்கவேண்டும். லேசாக மடித்தால் போதும். மேலிருந்து பார்த்தால் முழங்கால் சிப்பி, பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கவேண்டும், உள்பக்கம் சரியக்கூடாது. பாரத்தை ஒரு காலில் வைத்துக்கொண்டே அந்தப் பாதத்தைத் திருப்புவதுதான் முழங்காலுக்குப் பெரிய கெடுதல். முதலில் பாரத்தை எடு, அப்புறம் திருப்பு. மொழி புரியாவிட்டாலும் ஆசிரியரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம். வலி வகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மறுநாள் மூட்டு வீங்கியிருந்தாலோ, அன்றைக்குச் செய்தது அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் அம்மாவை நடுவில் நிற்கவையுங்கள். முன்னால் நின்றால் திரும்பும் அசைவில் பார்த்துச் செய்ய ஆள் இருக்காது. கழுத்தைத் திருகிப் பின்னால் பார்ப்பார், அப்போதுதான் தடுமாறும். நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒருவர் இருப்பார். ஒரு தூணோ, நாற்காலியோ கை எட்டும் தூரத்தில் இருப்பது இன்னும் நல்லது.

சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு, கிளிப்பிசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ என்றால் வெறும் வயிற்றில் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். இரண்டு பிஸ்கட், அரை டம்ளர் பால் போதும். பர்சில் மிட்டாய் இருக்கட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், வகுப்பு முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தபின் சட்டென்று எழாமல், கொஞ்சம் நிதானித்து எழச் சொல்லுங்கள்.

தாய் சி எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். ரத்த அழுத்தம் வரம்பின் விளிம்பில் இருந்த 342 பேரை வைத்துச் சீனாவில் செய்த ஆய்வு 2024இல் வந்தது. ஒரு வருடம் தாய் சி செய்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. வேகநடை போன்ற பயிற்சி செய்தவர்களுக்கு 4.6. நல்ல செய்தி. ஆனால் அவர்கள் உங்கள் அம்மாவைவிட இளையவர்கள், அம்மாவைப்போல் மாத்திரையில் இருப்பவர்களும் இல்லை. அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடக்கூடாது. தசை வலுவுக்கும் தாய் சி மட்டும் போதாது. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து உட்காரட்டும். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து, வாரத்தில் மூன்று நாள். சாயங்காலம் கால்மணி நேரம் நடக்கட்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு கண்டிப்பான விதி. வார்ஃபரின் சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், வீக்கம் இல்லை, மயக்கம் இல்லை, நன்றாகப் பேசுகிறார் என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தலைக்குள் ரத்தம் கசிவது பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். இதை வீட்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி, தாய் சி ஆசிரியர் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். குளியலறையில் கைப்பிடி இன்னும் போடவில்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். மூத்தவர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அரசு மானியம் உண்டு, விசாரியுங்கள்.

கஷாயம் நின்றதற்கு அந்த ஆன்ட்டி மனம் கோணக்கூடாது என்பதிலும் நீங்கள் அக்கறை எடுக்கவேண்டும். விழுந்து பயந்து கிடந்த ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தவர் அவர். "வார்ஃபரினோடு சேராது என்று டாக்டர் சொல்கிறார்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். அவர்கள் வீட்டிலும் வார்ஃபரின் சாப்பிடும் பெரியவர் யாராவது இருக்கக்கூடும். ஐஎன்ஆர் முடிவு வந்ததும், மருந்தாளுநர் பொட்டலத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்பதோடு ஒரு வரி எழுதுங்கள். பாதப் பரிசோதனையில் உணர்ச்சி குறைவு என்று வந்தால் அதையும் எழுதுங்கள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.